ஒன்பது தெரு மிச்சம்

எங்கள் ஊரில் தாலி கட்டி முடிந்ததும், மணமக்கள் எந்த வீட்டில் வாழ்வது என்பதை இரண்டு குடும்பங்களும் நடந்து தீர்த்துக்கொள்ளும். தெப்பக்குளத்தைச் சுற்றி இருபத்து நான்கு தெருக்கள் இருக்கின்றன. பெண் வீடு ஊரில் எங்கே இருந்தாலும் அன்றைக்கு ஒரு நாள் முதல் தெருவின் முனைக்கு வந்துவிடும். மாப்பிள்ளை வீடு இருபத்து நான்காம் தெருவின் முனைக்கு வந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் பதினைந்து சொந்தக்காரர்கள் தெருக்களில் இறங்கி நிற்பார்கள். இரண்டு பகடைகளை மாறி மாறி உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குத் தெரு தாண்டி நடப்பார்கள். பெண் வீட்டார் முதல் தெருவை நோக்கி, மாப்பிள்ளை வீட்டார் கடைசித் தெருவை நோக்கி. பதினைந்து பேரையும் முதலில் கொண்டுவந்து பந்தியில் உட்காரவைக்கிற வீட்டுக்கு மணமக்கள் போவார்கள்.

எத்தனை வருடத்துக்கு என்பது தனி விஷயம். தொடங்கும்போது ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் தோற்ற வீட்டுக்கு மணமக்களால் வந்து சேர முடியாது. யாரும் தடுப்பதில்லை. புறப்பட்டு வருவார்கள், தெரு அவர்களை வேறு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும். இங்கேயிருந்து அவர்களைப் பார்க்கப் போனாலும் அப்படித்தான். என் பெரியம்மா மகள் ஒருத்தி இரண்டு வருடம் தன் அம்மா வீட்டுக்கு நடந்து நடந்து பஸ் ஸ்டாண்டுக்கே போய்க்கொண்டிருந்தாள். கடைசியில் அங்கேயே ஒரு பூக்கடை போட்டுவிட்டாள்.

அந்த ஒரு வருடத்தை இரட்டிக்கலாம். அதற்கென்று பலாமரத்தில் செய்த ஒரு கட்டை இருக்கிறது. தூக்க இரண்டு பேர் வேண்டும். அதன் ஆறு முகங்களிலும் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நான்கு என்று செதுக்கியிருக்கும். தன் கை ஓங்கியிருக்கிறது என்று நினைக்கிற பக்கம் கட்டையைக் கொண்டுவந்து எதிர்ப் பக்கத்தின் முன்னால் வைக்கும். ஏற்றுக்கொண்டால் வருடம் இரட்டிப்பாகும், அடுத்த தடவை கட்டை வைக்கிற உரிமையும் ஏற்றவர்களுக்கு வரும். ஏற்க மறுத்தால் இருக்கிற வருடத்தோடு தோல்வி. எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

ஏற்பதா விடுவதா என்று சொல்கிற ஆளுக்கு ஒரு கோலி சோடா கொடுப்பார்கள். அது தீர்வதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இருபது வருடமாக எங்கள் ஊர்க் கல்யாணங்களில் அந்தச் சோடாவைக் குடிக்கிறவள் நான். என் பெயர் உலகம்மை. கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன், ஆனால் என்னைத் தெரிந்தவர்கள் மிச்சம் சொல்கிறவள் என்றுதான் சொல்வார்கள்.

மிச்சம் என்பது, ஒரு பக்கத்துப் பதினைந்து பேரும் இன்னும் நடக்க வேண்டிய தெருக்களின் மொத்தம். வீட்டிலிருந்து ஆறு தெரு தள்ளி நிற்கிறவருக்கு ஆறு, மூன்று தெரு தள்ளி நிற்கிறவருக்கு மூன்று. ஒவ்வொருவராகக் கூட்டுவதற்கு யாருக்கும் தெரியும். ஆனால் முப்பது பேரை அப்படிக் கூட்டி முடிப்பதற்குள் சோடா தீர்ந்து வெறும் குப்பியில் கோலி கிணுகிணுத்துவிடும். அதனால் எங்கள் தொழிலில் குறுக்கு வழிகள் உண்டு.

ஒன்று, கொத்தாகப் பிடிப்பது. நாலாம் தெருவில் ஒருவரும் ஆறாம் தெருவில் ஒருவரும் நின்றால், இருவரையும் மனதால் ஐந்தாம் தெருவுக்கு நகர்த்தி, இரண்டு ஐந்து பத்து என்று சொல்லிவிடலாம். மனதால்தான் நகர்த்துகிறோம் என்றாலும் அவர்கள் நகர்ந்துவிடுவார்கள். கணக்குச் சொல்லி முடித்ததும் பழைய இடத்துக்குத் திரும்புவார்கள். மூட்டுவலிக்காரர்களை நகர்த்தக் கூடாது என்பது முதல் பாடம். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு அவசரக்காரன் கொத்துப் பிடித்துவிட்டுக் கணக்கைச் சொல்லாமலே எழுந்து போய்விட்டான். அவன் நகர்த்திய மனிதர் இன்றைக்கும் ஐந்தாம் தெருவில்தான் இருக்கிறார். ரேஷன் கார்டைக்கூட அங்கே மாற்றிக்கொண்டார்.

இன்னொன்று, கழிப்பது. எங்கள் ஆள் ஒருவர் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி நிற்கிறார், அவர்கள் ஆள் ஒருவரும் அவர்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி நிற்கிறார் என்றால், இருவரையும் எண்ண வேண்டியதே இல்லை. ஒருவருக்கு ஒருவர் சரியாகப் போய்விடும். கழித்ததும் இருவரும் இல்லாமல் போவார்கள். மிச்சம் இத்தனை என்று நான் வாய்விட்டுச் சொன்னதும் திரும்ப வந்து நிற்பார்கள். போன இடம் எப்படி இருந்தது என்று கேட்டால் குளுகுளுவென்று இருந்தது என்பார்கள். என் சித்தப்பா பால்வண்ணம் மட்டும் ஒவ்வொரு கல்யாணத்திலும் கோபித்துக்கொள்வார்.

"கழிக்கதுன்னா சொல்லிட்டுக் கழி தாயி. கையில வடை வச்சிருந்தேன். திரும்பி வந்தா வடையக் காணும்."

வித்தியாசம் தெரிந்த பிறகு அரைக்கால் பார்க்க வேண்டும். முன்னால் இருக்கிற பக்கத்தின் மிச்சத்தை மூன்று தடவை பாதியாக்கினால் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. நாம் பின்தங்கியிருப்பது அதற்குக் குறைவாக இருந்தால் கட்டையை ஏற்றுக்கொள்ளலாம். கூடுதலாக இருந்தால் எழுந்து கும்பிட்டுவிட வேண்டியதுதான். இந்த விதியை வைத்து நூற்றுப் பதினேழு கல்யாணங்களுக்கு மிச்சம் சொல்லியிருக்கிறேன். நூற்றுப் பதினெட்டாவது என் தங்கை ஆவுடையின் கல்யாணம்.

ஆவுடைக்கு ஆறு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே போனவர். தலை வாரியது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, டைபாய்டு வந்தபோது மூன்று வாரம் தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டது எல்லாம் நான். எங்கள் வீடு நானும் அவளும் இருக்கிற வீடு. அவள் இல்லாவிட்டால் நான் மட்டும் இருக்கிற வீடு. மாப்பிள்ளை நம்பிராஜன் பம்புசெட் பழுது பார்க்கிறவன், தங்கமான பையன். என்னை மதினி மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவன் வீடு ஜெயிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சொந்த வீட்டுக் கணக்கைச் சொந்தக்காரி பார்க்க வேண்டாம் என்று அத்தைமார் சொன்னார்கள். பதற்றத்தில் எண் தவறும் என்றார்கள். நான் கேட்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைக்க என்ன இருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டுக்கு மிச்சம் சொல்ல ஆறுமுகவடிவு வந்திருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். அந்த இருபத்து நான்கு தெருக்களுக்கும் தபால் கொடுக்கிறவள் அவள்தான். அவள் எண்ணுவதை யாரும் பார்த்ததில்லை. தெருவை ஒரு தடவை பார்ப்பாள், தோளில் தபால் பையின் வாரைச் சரிசெய்துகொள்வாள், எண்ணைச் சொல்வாள். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எனக்கு அவள்மேல் பொறாமை இருந்தது. பொறாமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிரமிப்பு இருந்தது.

காலை ஒன்பது மணிக்குப் பகடை உருண்டது. மணமக்கள் தெப்பக்குளத்தின் நடு மண்டபத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயிருந்து பார்த்தால் எல்லாத் தெருக்களும் தெரியும். எங்களுக்கு முதலில் நல்ல பகடை விழுந்தது. இரண்டு வைத்தேன், அவர்கள் ஏற்றார்கள். பிறகு அவர்கள் கை ஓங்கி நான்கு வைத்தார்கள், நாங்கள் ஏற்றோம். பதினொரு மணிக்கு நாங்கள் மறுபடியும் முன்னால் வந்தபோது நான் எட்டு வைத்தேன். வைத்திருக்க வேண்டியதில்லை. கொழுப்பு, வேறென்ன. ஆறுமுகவடிவு சோடாவை இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, "எடுத்தாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு ஜோடி ஜோடியாக விழுந்தது. ஜோடி விழுந்தால் இரண்டு மடங்கு நடக்கலாம். பன்னிரண்டரை மணி வாக்கில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் கடந்து முடித்தார்கள். இனி யாரும் யாரையும் மறிக்க முடியாது. ஓட்டம் மட்டும்தான் பாக்கி. அவர்கள் உருட்ட வேண்டிய முறை வந்தது. உருட்டவில்லை. இரண்டு பேர் கட்டையைத் தூக்கிவந்து என் முன்னால் பதினாறு மேலே தெரியும்படி வைத்தார்கள்.

"எடுக்கியளா, விடுதியளாக்கா?" என்று கேட்டாள் ஆறுமுகவடிவு.

என் கையில் சோடாவைக் கொடுத்தார்கள். விட்டால் எட்டு வருடம் ஆவுடை எங்கள் வாசலுக்கு வர மாட்டாள். எடுத்துத் தோற்றால் பதினாறு வருடம் வர மாட்டாள். எடுத்து ஜெயித்தால் பதினாறு வருடம் அவள் என்னோடு இருப்பாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்கள். மிச்சம் எண்ணும்போது வானத்தைப் பார்ப்பது எங்கள் ஊர் மரியாதை.

எங்கள் ஆட்களில் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் பக்கத்து ஆறு தெருக்களுக்குள் வந்திருந்தார்கள். மூன்று பேர் பின்தங்கி ஏழு, எட்டு, ஒன்பது தெரு தள்ளி நின்றார்கள். அவர்கள் பக்கத்தில் பதினைந்து பேரும் ஆறு தெருவுக்குள் இருந்தார்கள். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கழிக்கத் தொடங்கினேன். ஆறாவது தெருவில் நின்ற பால்வண்ணம் சித்தப்பாவுக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் சரியாகப் போனார். இருவரும் இல்லாமல் போனார்கள். ஐந்தாவது தெருவில் நின்ற சொர்ணம் அத்தைக்கு ஒரு பெரியப்பா. நாலாவது தெருவில் நின்ற ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவருக்கு ஒரு கொழுந்தன். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பேர் போனார்கள். போனவர்களின் மிச்சம் ஒரு பக்கத்துக்கு ஐம்பத்தேழு.

இப்போது எங்கள் பக்கம் மூன்று பேர், அவர்கள் பக்கம் மூன்று பேர். எங்களவர்கள் ஒன்பது, எட்டு, ஏழு. அவர்களவர்கள் ஆறு, ஐந்து, நான்கு. இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். கடைசி மூன்று பேரைக் கழிக்காமல் நேராகக் கூட்டிச் சொல்வதுதான் எங்கள் தொழில் வழக்கம். தெருவில் யாராவது நிற்க வேண்டும் என்பார்கள். காரணம் யாருக்கும் தெரியாது. யாரும் மீறியதும் இல்லை.

எனக்குப் பதற்றம். கணக்கு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதில் ஆறு போனால் மூன்று. ஆட்கள் இருவரும் போனார்கள், மூன்று தெரு நின்றது. எட்டில் ஐந்து போனால் மூன்று. ஏழில் நான்கு போனால் மூன்று. அத்தனை பேரும் போய்விட்டார்கள். அதன் பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை. இந்தப் பக்கத்துத் திண்டுக்கல் பூட்டுக் கடைக்கு அந்தப் பக்கத்து ஜவுளிக் கடை போயிற்று. இந்தக் கரைப் படிக்கட்டுக்கு அந்தக் கரைப் படிக்கட்டு போயிற்று. மின்கம்பத்துக்கு மின்கம்பம், நிழலுக்கு நிழல்.

கடைசியில் ஒன்பது நின்றது.

எண்ணாக நிற்கவில்லை. ஒன்பது தெரு நடக்க வேண்டிய தூரம், நடப்பதற்கு ஆள் இல்லாமல், நடந்துபோக மண் இல்லாமல், தான் மட்டும் வெயிலில் நின்றது. வெள்ளையடிப்பதற்காகப் பண்ட பாத்திரங்களையெல்லாம் வெளியே எடுத்துவைத்த பிறகு சின்ன வீடுகூட எவ்வளவு பெரிதாகத் தெரியும், அப்படி இருந்தது. இருபது வருடமாக நான் வாயால் சொல்லிவந்த மிச்சம் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கண்ணில் நீர் வந்தது. கும்பிட வேண்டும்போல் இருந்தது, ஒரு கையில் சோடா இருந்ததால் முடியவில்லை.

பக்கத்தில் ஆறுமுகவடிவு நின்றுகொண்டிருந்தாள். அவளும் வானத்தைப் பார்க்கவில்லை. பையின் வாரைச் சரிசெய்யப் போன கை தோளிலேயே நின்றுவிட்டது.

"யக்கா" என்றாள். "இதையா இத்தனை நாளும் நாம சொல்லிக்கிட்டு இருந்தோம்?"

"இதைத்தான்" என்றேன்.

சோடாவில் இரண்டு மடக்குப் பாக்கி இருந்தது. ஐம்பத்தேழும் ஆறும் ஐந்தும் நான்கும் சேர்ந்தால் அவர்கள் மிச்சம் எழுபத்திரண்டு. பாதி முப்பத்தாறு, அதில் பாதி பதினெட்டு, அதில் பாதி ஒன்பது. அரைக்கால் ஒன்பது, வித்தியாசமும் ஒன்பது. குறைவாக இருந்தால் எடு, கூடுதலாக இருந்தால் விடு என்று விதி சொல்லும். சரியாக இருந்தால் விதி ஒன்றும் சொல்லாது. நூற்றுப் பதினேழு கல்யாணத்தில் ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நான் ஆவுடையை நினைக்கவில்லை. எட்டு வருடத்தையோ பதினாறு வருடத்தையோ நினைக்கவில்லை. அந்த ஒன்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நடக்காமல் விட்டுப் போவது மரியாதையில்லை என்று தோன்றியது. அது மட்டும்தான் தோன்றியது.

கடைசி மடக்கைக் குடித்தேன். "மிச்சம் எண்பத்தொன்று, அவர்களுக்கு எழுபத்திரண்டு. எடுத்தாச்சு" என்றேன். எல்லோரும் திரும்பிவந்து அவரவர் தெருவில் நின்றார்கள். பால்வண்ணம் சித்தப்பா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அவர்கள் உருட்டினார்கள். மூன்றும் ஒன்றும் விழுந்தது, மிச்சம் அறுபத்தெட்டு. நாங்கள் உருட்டினோம். இரண்டு பகடையிலும் ஆறு. ஜோடி ஆறு என்றால் இருபத்து நான்கு தெரு. பின்தங்கி நின்ற மூன்று பேரும் ஒரே மூச்சில் உள்ளே வந்தார்கள். நாலாவது ஆறில் பால்வண்ணம் சித்தப்பா நேராகப் பந்திக்கே போய் உட்கார்ந்து, "உப்பு வைக்கல" என்றார். எங்கள் மிச்சம் ஐம்பத்தேழு. அத்தைமார் குலவையிட்டார்கள். நடு மண்டபத்தில் ஆவுடை எழுந்து நின்றுவிட்டாள். நம்பிராஜன் அவளுக்குக் குடை பிடித்தான்.

அடுத்து அவர்களுக்கு ஏழு விழுந்து அறுபத்தொன்று ஆனது. கட்டை எங்களிடம் இருந்தது. முப்பத்திரண்டு வைக்கிறாயா என்று சின்ன அத்தை காதோடு கேட்டாள். நான்கு தெரு வித்தியாசத்துக்குக் கட்டையைத் தூக்குவது வீண் முதுகுவலி என்றேன். எங்களுக்கு இரண்டும் ஒன்றும் விழுந்தது. அவர்களுக்கு ஜோடி ஐந்து விழுந்தது. ஒரே உருட்டில் இருபது தெரு. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. அவர்களுடைய பதினைந்தாவது ஆள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கை கழுவிவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆவுடை தெப்பத்தில் கரைக்கு வந்தாள். அழுதிருக்கவில்லை. நான்தான் அழுதுகொண்டிருந்தேன். எட்டோடு போயிருக்க வேண்டியதைப் பதினாறாக்கிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் தாடையைப் பிடித்தாள்.

"யக்கா, நான் வானத்தப் பாக்கல. ஒம்பதத்தான் பாத்தேன்."

"பாத்தியா?"

"நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்" என்றாள். பிறகு நம்பிராஜன் பின்னால் நடந்து அவர்கள் வீட்டுக்குள் போனாள். பந்தி முடிந்ததும் அந்த வீடு தன் பழைய இடத்துக்குத் திரும்பிப் போயிற்று. எங்கள் வீடும் வந்துவிட்டது. நான் உள்ளே போய் இரண்டு பேருக்கு அரிசி களைந்தேன். களைந்த பிறகுதான் உறைத்தது.

அடுத்த நாள் அவளைப் பார்க்கப் போனேன். தெரு என்னை மீன் மார்க்கெட்டில் விட்டது. திரும்பி வேறு வழியாகப் போனேன், மறுபடியும் மீன் மார்க்கெட். மூன்றாம் நாளும் அதுதான். "நீங்க மீனும் வாங்க மாட்டேங்கிய, போகவும் மாட்டேங்கிய" என்றாள் சாளை விற்கிறவள். கால் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, கேட்பதற்கு யாரும் இல்லை. அவள் சீப்பில் இரண்டு முடி சுற்றியிருந்தது. அதை எடுக்காமல் வைத்திருந்தேன்.

நாலாம் நாள் பதினொரு மணிக்கு ஆறுமுகவடிவு தபால் கொண்டுவந்தாள். மின்சார வாரியத்துக் கடிதம் ஒன்று. கொடுத்துவிட்டுப் போகாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு எவ்வளவு மிச்சம்க்கா?"

"பதினாறு வருசம். அதுல நாலு நாளு போச்சு."

"ஆவுடைக்கு?"

அவள் பக்கத்தை நான் எண்ணியே பார்த்திருக்கவில்லை. என் பக்கத்தை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தேன், அதுவும் ஒவ்வொரு நாளாக.

"அவளுக்கும் பதினாறு வருசம்தான்" என்றேன். "நாலு நாளு போச்சு."

ஆறுமுகவடிவு பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். பிறகு அவள் முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டே சைக்கிளை உருட்டிப் போனாள்.

உள்ளே போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். ஆவுடை இல்லாத என் நாளைக்கு, நான் இல்லாத அவள் நாளையைக் கழித்தேன். இரண்டும் போயின. என் வெள்ளிக்கிழமைக்கு அவள் வெள்ளிக்கிழமை. என் பொங்கலுக்கு அவள் பொங்கல். எனக்கு வரப்போகிற காய்ச்சலின்போது யாரும் கஞ்சி வைக்காத மூன்று நாட்களுக்கு, என்னை நினைத்து அவள் சாப்பிடாமல் இருக்கப்போகிற மூன்று நாட்கள். பிறகு மாதம் மாதமாகப் பிடித்தேன், பிறகு வருடம் வருடமாக. சுவரில் நாட்காட்டி மெலிந்துகொண்டே வந்தது. ஒரு இடத்திலும் கூடக்குறைய நிற்கவில்லை. பிரிவில் ஒரு பக்கம் முன்னால் போக முடியாது என்பது இருபது வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. பதினாறாவது வருடத்தின் கடைசி நாளுக்கு அவளுடைய கடைசி நாளைக் கழித்தபோது ஒன்றுகூட நிற்கவில்லை. ஒன்பது நின்றதைப் பார்த்தே கண் கலங்கியவள் நான். ஒன்றும் நிற்காததைப் பார்க்கும்போது மூச்சே நின்றுவிடும்போல் இருந்தது.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. போய்த் திறந்தேன். ஆவுடை கூறைப்புடவையோடு நின்றாள். தலையில் பூ வாடவில்லை. பின்னால் நம்பிராஜன் பழத்தட்டோடு நின்றான்.

"சோறு இருக்காக்கா? பசிக்கி" என்றாள்.

அன்றைக்கும் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்குத்தான் வடித்திருந்தேன். மறுபடி உலை வைத்தேன். நம்பிராஜன் எங்கள் மோட்டாரில் தண்ணீர் ஏறாததைப் பார்த்துவிட்டு, சாப்பாடு ஆகும்வரை சும்மா இருப்பானேன் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

மிச்சம் எவ்வளவு என்று நான் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கணக்கு முடிந்துவிடும். கழித்த நாட்களெல்லாம் திரும்பிவந்து அவரவர் இடத்தில் நின்றுகொள்ளும். ஒரு கணக்கை முடிக்காமல் இன்னொன்றைத் தொடங்கக் கூடாது என்பதால் கல்யாணங்களுக்கு நான் போவதில்லை. நூற்றுப் பத்தொன்பதாவது கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களிடம் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சரி, எண்ணுங்கள் என்று தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது இரண்டு வீட்டுக்கும் ஆறுமுகவடிவுதான் மிச்சம் சொல்கிறாள், இரண்டு சோடாவையும் அவளே குடிக்கிறாள்.

அவர்கள் வந்த அன்று வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகள் மட்டும் பதினாறு வருடம் நடந்ததுபோலத் தேய்ந்திருந்தன. குதிகால் பக்கம் தரை தெரிந்தது. அடுத்த நாள் காலையில் மூவரும் கடைவீதிக்குப் போய் இருவருக்கும் புதுச் செருப்பு வாங்கினோம். ஆவுடைக்கு இப்போது ஒரு நம்பர் பெரிதாக வேண்டியிருந்தது.